கூட வந்தவன்

நாளைக்குக் கசூரினாக் கடற்கரை, அடுத்த கிழமை நுவரெலியா என்று மகள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள், என் கணவர், நான். மூன்று பேராய்ப் பயணம் போகக்கூடாதென்று, அப்பாவின் தங்கையான மாமி, நாலாவது ஆளாக ஒரு கல்லை என் பையில் போட்டார். டொக்கென்ற அந்தச் சத்தத்தில் நான் சிறுமியானேன்.

அன்றும் மூன்று பேர்தான்: அப்பா, அண்ணை, நான். அன்றும் மாமி தந்த கல். பருத்தித்துறையில் சோழகக் காற்று மணலை வாரி இறைத்தது. "நாலாவது ஆளும் குளிக்கட்டும்" என்று அண்ணை கல்லைக் கடலில் எறிந்தான். பொழுதுபட, தலைமயிரில் உப்புப் பிசுபிசுக்க வீடு வந்தோம். படலையைத் திறந்த மாமி எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"உந்தப் பொடியன் ஆர்? ஏன் இப்பிடி நனைஞ்சு நிக்கிறான்?"

ஒழுங்கையில் ஒருவருமில்லை. அன்றிலிருந்து மாமி ஒருவருக்குக் கூடுதலாகச் சோறு போட்டு வைத்தார். அதைப் பற்றி எவரும் கதைக்கவில்லை.

"அம்மா, கல்லுக்கும் வாகனத்திலை இடமோ?" மகள் சிரித்தாள்.

நான் கல்லைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். "கல் வேண்டாம் மாமி. நீங்களே வாங்கோ, நாலு பேராய்ப் போவம்."

மாமியின் முகம் மலர்ந்தது. பிறகு மெல்லப் படலைப் பக்கம் திரும்பினார்.

"வர விருப்பந்தான் பிள்ளை. நானும் வந்தால், உவன் வீட்டிலை தனிய எல்லோ நிப்பான்."