நான் பூட்டி வைத்த கல்சியம்

போன கிழமை நான் ஒரு களவு செய்தேன். என் வீட்டில்... என் மனைவியின் மருந்தை!

நசீராவுக்குக் கழுத்தில் ஒப்பரேசன் முடிந்து, வீட்டுக்கு வந்து ஒரு நாள். ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஒரு போத்தலில் ‘கல்சியம்’ என்று இருந்தது. திரும்பவும் வாசித்தேன். இவளைப் படுக்கையில் போட்டதே கல்சியம்தானே? மாறித் தந்துவிட்டார்களோ?

அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பு என் சட்டைப் பையில்.

“ஒரு குளிசை குறையுதே?” என்றாள்.

“அது பிறகு” என்றேன். பொய்.

ஏன் அவ்வளவு பயம்? அவளுக்கு இரண்டு தடவை சிறுநீரகத்தில் கல் வந்தது. எங்கள் ஊர் எத்தாளைப் பக்கம் கல் வந்தால் யாரும் யோசிப்பதில்லை. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும் கிணற்றுத் தண்ணீர்தான் குற்றவாளி! வடிகட்டிய தண்ணீர் வாங்கினோம். பிறகு எலும்பு வலி, களைப்பு. எலும்புக்கு நல்லதென்று நானே பார்மசியில் கல்சியம் வாங்கிக் கொடுத்தேன். நெத்தலிக் கருவாடும் கொடுத்தேன். அவளும் பாவம், தின்றாள்.

கடைசியில் புத்தளத்தில் ஒரு டொக்டர் இரத்தத்தில் கல்சியத்தைப் பார்த்தார். கூடியிருந்தது.

“எலும்புல இல்லாதது இரத்தத்துல எப்படி டொக்டர் கூடும்?”

“எலும்புல இருந்துதான் போகுது” என்றார்.

கழுத்தில் அரிசியளவில் நான்கு சுரப்பிகளாம். பெயர் பராதைரொயிட். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் ஓர் ஓமோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும், போதுமென்றால் நிறுத்திவிடும். நசீராவுக்கு அதில் ஒன்று வீங்கி, நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருந்தது. உப்பளத்தில் தண்ணீர் விட மடைப் பலகையைத் தூக்கியவன், திரும்ப மூடாமல் அப்படியே தேத்தண்ணி குடிக்கப் போனது மாதிரி. கூடின கல்சியம்தான் சிறுநீரகத்தில் கல்லானது. கிணறு பாவம்!

கல்சியம் குளிசையை உடனே நிறுத்தச் சொன்னார். வீங்கியதை வெட்டி எடுக்க வேண்டுமென்றார். சிலருக்குக் குரல் கம்மலாமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

“என்ட குரல் போனா உங்களுக்குத்தானே நிம்மதி” என்றாள் நசீரா.

இப்போது புரிகிறதா, நான் ஏன் பூட்டினேன் என்று?

அன்று பின்னேரம் கூப்பிட்டாள். “இஞ்ச பாருங்க, உதட்டச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரிக் கிடக்கு. விரலும் விறைக்குது.”

பார்த்தேன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியிருந்தன. விரிக்க முடியவில்லை.

வார்டுக்குப் போன் எடுத்தேன்.

“கல்சியம் குடுத்ததா?” என்றார் நர்ஸ்.

“இல்ல மிஸ்... அவவுக்குக் கல்சியம் கூட எண்டுதானே ஒப்பரேசன்...”

“ஐயோ மாத்தயா! அது முந்தி. இப்ப குறையிறது! குளிசையக் குடுத்துட்டு உடனே கூட்டிட்டு வாங்க!”

மூன்றாம் தடவைதான் திறப்பு ஓட்டைக்குள் போனது. குளிசையை எடுத்து அவள் வாயில் போட்டேன்.

த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நரம்பு வழியாக மெதுமெதுவாகக் கல்சியம் ஏற்றினார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சச் சுரப்பிகள் மூன்றும் இவ்வளவு காலமும் வேலையில்லாமல் தூங்கியவையாம். விழிக்க நாளாகும். அதற்குள், காய்ந்து கிடந்த எலும்பு இரத்தத்திலுள்ள கல்சியத்தை உறிஞ்சிவிடுமாம். அதற்குத்தான் அந்தக் குளிசை.

இதை வீட்டுக்கு அனுப்பும்போதே சொன்னார்களாம். கேட்க எனக்கு எங்கே நேரம்? நான் பயந்துகொண்டல்லவா இருந்தேன்!

உங்கள் வீட்டிலும் யாருக்காவது கல் திரும்பத் திரும்ப வருகிறதா? தண்ணீரைத் திட்டுங்கள், பரவாயில்லை. கல்சியத்தையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள்.

அலுமாரித் திறப்பு இப்போது நசீராவின் முந்தானையில்.

குரலா? அது எங்கும் போகவில்லை. நான் போத்தலைப் பூட்டி வைத்த கதை தெரிந்ததும், வார்ட் முழுக்கக் கேட்டது.