தறிக்குழி இருந்த கூடம்

ஜான் பாஷா காஞ்சிபுரத்தில் வீட்டுத் தரைக்குக் கார்ப்பெட்டும் மரப்பலகையும் போடுகிறவர். வயது ஐம்பத்து மூன்று. ஊருக்கு அவர் பாய். அந்தப் பலகைகளை விற்கிற கடைக்காரன் நான். “அடியில ஷீட் விரிக்காம நான் போட மாட்டேன்பா” என்று அவர் பிடிக்கிற பிடிவாதத்தில் என்னிடம் வந்த சிலர் ஓடியே போயிருக்கிறார்கள். தரையின் ஈரம் பலகைக்கு ஏறாமல் தடுப்பதும், மேடு பள்ளத்தைச் சமாளிப்பதும் அந்த ஷீட்தான் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுப்பார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை வளைந்து கொடுத்தார்.

நெசவு செய்கிற கிருஷ்ணவேணியின் வீடு அது. மகள் தேவிப்ரியா பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வெள்ளிக்கிழமை வர வேண்டும். பலகை வந்து இறங்கிவிட்டது. ஷீட் என் கடையில் தீர்ந்திருந்தது. சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்றேன்.

“அடியில போடறது யாருக்கு பாய் தெரியப்போவுது? கொழந்தை வர்றதுக்குள்ள முடிச்சிக் குடுங்க” என்றான் மகன் வசந்த். சிமென்ட் தரை பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது. பாய் போட்டுக் கொடுத்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி மழை பத்து நாள் விடாமல் அடித்தது. கூடத்தின் நடுவில் பலகைகள் உப்பிக் கிளம்பின. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கிருஷ்ணவேணி அதில் கால் தடுக்கி, சுவரில் மோதி நின்றாள். அவள் முழங்கையில் ரத்தம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கொழந்தை கையிலேர்ந்து நழுவியிருந்தா இன்னா பாய் பண்ணியிருப்பீங்க?” என்று, தகவல் கேட்டு நானும் பாயும் போய் நின்றதும் கத்தினாள்.

பாய் பலகைகளைக் கழற்றினார். அடியில், தரைக்கு நடுவே, அளந்து வெட்டியதுபோல ஒரு நீள்சதுர ஈரம். அதைப் பார்த்ததும் கிருஷ்ணவேணியின் குரல் இறங்கிவிட்டது.

“இங்கதான் பாய், நெய்யும்போது கால தொங்கவுட்டு மிதிக்கிற தறிக்குழி இருந்துச்சு. பின்பக்கம் தறிய மாத்தினப்போ மண்ணக் கொட்டி மேல சிமென்ட் பூசிட்டோம். சொல்லணும்னு தோணவே இல்ல.”

“நீங்க சொல்லலன்னா இன்னாமா, நான் கேட்டிருக்கணும். நெசவுக்காரங்க வூட்டுல குழி எங்க இருந்துச்சுன்னு கேக்காதவன் இந்த ஊர்க்காரனா?”

“ஷீட் இல்லன்னு சொன்னவன் நான்தானே பாய்” என்று தேற்றிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. கூலி வாங்காமல் குழியைத் தோண்டி, ஜல்லி போட்டு இறுக்கி, கான்கிரீட் நன்றாகக் காயும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் ஒட்டிய தடித்த ஷீட்டைச் சுவர் ஓரம் வரை விரித்துப் புதுப் பலகை போட்டார்.

ஆனால் கிருஷ்ணவேணி குழந்தையோடு அந்தக் கூடத்தில் கால் வைக்கவில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனாள். பாயோ ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலையில் வந்து, மண்டியிட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு மூட்டுவலி வேறு. எனக்கு ஆத்திரம் வந்தது. “அந்தம்மா மனசு மாறாது பாய், வுட்டுத் தொலைங்க” என்று எரிந்து விழுந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் பெரிய மழை ஒன்று பெய்தது. மறுநாள் நானும் கூடப் போனேன். பாய் தடவினார். தரை காய்ந்திருந்தது. பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி உள்ளே வந்தாள். அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்த பேத்தியை, கீழே ஒரு துணிகூட விரிக்காமல், கூடத்தின் நடுவில் கிடத்தினாள்.

“பாத்துக்கினு இருங்க பாய், டீ போட்டு எடுத்தாறேன்” என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

பாய் எழுந்திருக்கவே இல்லை. அவள் டீயோடு திரும்பி வரும்வரை, மூட்டுவலியோடு, குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டபடியே இருந்தார்.