வட்டியில்லாத் தவணையில் ஒரு சைக்கிள்

கடன் வாங்கியவர் மனம் மாறினால், அதற்கென்று குறித்த நாட்களுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். அவர் புகார் எழுதினால் முப்பது நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். விதி இவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறர் மனுக்களுக்கு விதி எண் போட்டுப் பதில் எழுதியவன் நான். எனக்கு இது தெரியும். கடன் கொடுத்தவர்களுக்கும் தெரியும். தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே அவர்கள் ஒரு செயலியை வைத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் ராயப்பேட்டைவாசி. நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை சாமி என்பார். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் கூடாது என்பது அவருடைய மார்க்கம். நாங்களெல்லாம் வீட்டுக்கடன் வாங்கி மாடி கட்டியபோது அவர் வாடகை வீட்டிலேயே இருந்தார். சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, எங்காவது கழிப்பறை கட்ட ஆகட்டும் என்று கொடுத்துவிடுவார். அதற்குப் புண்ணியம்கூட எதிர்பார்க்கக் கூடாதாம்.

ஓய்வு பெற்ற பின் எங்கள் இருவருக்கும் பிடித்த பைத்தியம் சைக்கிள். விடிந்ததும் நான் மயிலாப்பூரிலிருந்து, அவர் ராயப்பேட்டையிலிருந்து. அடையாறு பாலத்தில் சந்தித்து, கொட்டிவாக்கம் கடற்கரை வரை போய்த் திரும்புவோம். எங்களுடைய பழைய வண்டிகள் சங்கீதம் பாடிக்கொண்டு போகும்போது, உடம்போடு ஒட்டின உடையில் இளைஞர்கள் சத்தமே இல்லாமல் தாண்டிப் போவார்கள். ஒருநாள் சிக்னலில் ஒருவனிடம் கேட்டு, அவன் சைக்கிளை பாய் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அன்றோடு கெட்டார்.

விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஹஜ்ஜுக்கு வைத்திருந்த பணத்தைத் தொடாமல், ஓய்வூதியத்திலிருந்து ஒன்றரை வருடம் தனியாகச் சேர்த்தார். அடையாறில் உள்ள ஒரு சைக்கிள் கடைக்கு அந்தப் பணத்தை மஞ்சள்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு லட்சத்துக்குக் கீழே ரொக்கமாக வாங்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. கடை விற்பனையாளன் பையைப் பார்த்த பார்வையில், நாங்கள் அதை எங்கிருந்தோ திருடிக்கொண்டு வந்தது போல் இருந்தது.

"கேஷா அங்கிள்? கேஷ்னா புக் பண்ணிட்டு ஆறு வாரம் வெயிட் பண்ணணும்."

"இதோ நிக்குதே, இது இன்னா?" என்றார் பாய்.

"அது ஈஎம்ஐ-க்கு ஒதுக்கின பீஸ். தவணைன்னா இன்னிக்கே ஓட்டிட்டுப் போலாம். ஹெல்மெட், பம்ப் ஃப்ரீ. வட்டி ஜீரோ."

"வட்டி இல்லேன்னா கடன் குடுக்கிறவனுக்கு இன்னாப்பா லாபம்? அவன் இன்னா தர்மமா பண்றான்?"

விற்பனையாளன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கடையில் அன்று கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான். நான் என்ன செய்தேன்? காகிதம் வாங்கிக் கணக்குப் போட்டேன். மாதம் பதினைந்தாயிரம், பன்னிரண்டு மாதம். ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை.

"டேலி ஆறது பாய். வட்டி இருந்தா எங்கேயாவது தெரியணுமே. அது கம்பெனிக்காரா ஏத்துக்கற செலவு. கையெழுத்தைப் போடுங்கோ."

"நீங்க சொன்னா சரி சாமி," என்று போட்டார். கூட்டல் சரியாக வந்துவிட்டால் கணக்கில் தப்பில்லை என்று நம்புவது எங்கள் அலுவலகத்தின் தொழில் வியாதி.

கடன் விவரத் தாள் அவருடைய போனுக்கு வந்தது மறுநாள். கடன் தொகை ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். வட்டி பதினெட்டாயிரம். ஆண்டு விகிதம் ஏறக்குறைய இருபது சதவீதம். கடைக்காரர்கள் விலையில் பதினெட்டாயிரத்தைத் தள்ளுபடி என்று கழித்து, அதே பதினெட்டாயிரத்தை வட்டி என்று கூட்டியிருந்தார்கள். ரொக்கம் கொடுக்க வந்தவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. ஆறு வாரக் காத்திருப்பு மட்டும் உண்டு. கையில் முழுப் பணத்தோடு வந்தவரைக் கடனாளியாக்கி அனுப்புவதற்குக் கமிஷன் கிடைக்கிறது என்றால், எவன்தான் பணத்தை எண்ணி வாங்குவான்?

பாய் என்னைத் திட்டவில்லை. சைக்கிளின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினார். "இத்தினி வருஷம் தப்பிச்சேன் சாமி," என்றார், அவ்வளவுதான்.

அதே தாளில் வெளியேற மூன்று நாள் அவகாசம் என்றும் இருந்தது. அசல் முழுவதையும் அன்றே வங்கி மூலம் கட்டினார். இரண்டு நாள் வட்டி நூற்று எழுபத்தெட்டு ரூபாயை நான் கட்டினேன். அவர் கை அதில் பட வேண்டாம் என்று. பணத்தை வாங்கிக்கொண்டார்கள். கடனை முடிக்கவில்லை. கட்டியது 'கூடுதல் தொகை' என்று ஒரு மூலையில் தூங்கியது.

அடுத்த வாரம் அவர் எதிர்பார்க்காத செய்தி வந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்த அவர் பெயரும் மனைவி பெயரும் ஹஜ்ஜுக்கு உறுதியாகிவிட்டன. கிளம்புகிறவர் கடனை அடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். அவருக்கு இருந்த ஒரே கடன், நான் வாங்கிக் கொடுத்தது.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த நிதி நிறுவனக் கிளைக்கு இருவரும் போனோம். எழுத்தில் புகார் கொடுத்தேன். கவுன்டர் பெண், "ஆப்ல ரிக்வெஸ்ட் போடுங்க சார்," என்றாள்.

"மூணு தரம் போட்டாச்சும்மா. கடனை மூடற பட்டனே வேலை செய்யலை."

அவள் பாயின் போனை வாங்கித் தட்டிப் பார்த்தாள். திரை மலர்ந்து, அவரைத் தகுதி வாய்ந்த வாடிக்கையாளர் என்று வாழ்த்தி, முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற இன்னொரு கடனை நீட்டியது.

"இது வேலை செய்யுது சாமி," என்றார் பாய்.

புகாரின் நகலில் முத்திரை கேட்டேன். முத்திரை இல்லை என்றார்கள். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஒன்று அனுப்பினேன். குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் ஒன்று. முப்பது நாட்கள் ஓடின. நடுவில் முதல் தவணையை வங்கியிலிருந்து தானாகவே பிடித்துக்கொண்டார்கள். அதில் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வட்டி. அறுபத்து நான்கு வயதில், பணம் முழுவதும் கட்டிய பிறகு, அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக வட்டி கொடுத்தார்.

முப்பத்தோராம் நாள் காலை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். பாய்க்காகப் பதில் பெறும் பிரதிநிதி என்று என் பெயரைப் போட்டேன்.

பயணத்துக்கு நான்கு நாள் முன்பு பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடாமல், "தெரிஞ்சோ தெரியாமலோ நான் எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க," என்று கை கூப்பினார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் எல்லோரிடமும் கேட்க வேண்டியது அது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "தப்பு பண்ணினவர் இதோ பேப்பர் படிச்சிண்டு உக்காந்திருக்கார். நீங்க எதுக்குக் கேக்கறேள்?"

பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துவிட்டுப் போவதும் வழக்கம். அதில் ஒரே வரி: அந்தக் கடன் எண். "பணம் கட்டியாச்சு. ஆனா கடன் கீது. இதுக்கு எதிர்ல இன்னா எழுதறது சாமி?"

எனக்குத் தெரிந்த எந்த விதிப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. பேனாவை வாங்கி, 'இந்தக் கடனுக்கு நானே பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனைவியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

பாய் அதை மடித்து வைத்துக்கொண்டார். "இப்ப உங்களுக்குல்ல கடன்காரன் ஆயிட்டேன்."

"இதுக்கு நெஜமாவே வட்டி கிடையாது பாய்."

அப்போதுதான் காபியை எடுத்தார்.

நிதி நிறுவனத்தின் பதில் வந்தது, மின்னஞ்சலில், மூன்று வரி. வாடிக்கையாளர் நலன் கருதி, ஒருமுறைச் சலுகையாக, கடன் கணக்கு முடித்து வைக்கப்பட்டதாம். பிடித்த தவணை திரும்பி வருமாம். விதிப்படி இரண்டாம் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சலுகை. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. ஹஜ்ஜின் உச்ச நாளில் பாய் அரஃபா மைதானத்தில் கையேந்தி நின்றது செவ்வாய்க்கிழமை. அவர் கடனாளி இல்லை என்ற கடிதம் எனக்கு வந்தது வியாழக்கிழமை, இங்கே பக்ரீத் அன்று.