வாகை மரத்தடியில் நான் வைத்த காவல்

ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி ஸ்டேஷனில் இறங்கி வயல் வரப்போடு மேற்கே நடந்தால், கோரையும் அல்லியும் மண்டிய ஒரு பெரிய ஏரி வரும். மழைக்காலம் முடிந்ததும் காட்டு வாத்தும் கிளுவையும் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து இறங்கும். சுற்றியுள்ள ஈர வயல்களில் உள்ளான் மேயும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், அந்த ஏரியில் பறவை சுடும் உரிமையை என் தங்கையின் கணவர் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

வேட்டை என்றதும் துரைமார் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுக்கு அது சோறு. மாப்பிள்ளை ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே ஓர் இயந்திரம் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. விரலோடு வேலையும் போயிற்று. சுத்தியல் பிடிக்க முடியாத அந்தக் கை, துப்பாக்கிக் குழலைத் தாங்க மட்டும் எப்படியோ ஒத்துழைத்தது. அவர் சுட்ட பறவைகள் கூடையில் அடுக்கப்பட்டு ரயிலேறி, ரங்கூன் ஓட்டல்களுக்கும் சீனர் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போகும். நான் துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாவ்பிக்குப் போய் அவருக்குக் கூடை சுமப்பேன்.

இந்தக் குத்தகை கையைவிட்டுப் போனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறுவது என்று மாப்பிள்ளை தீர்மானமாகச் சொல்லியிருந்தார். ரங்கூனில் எனக்கு இரத்த உறவு என்று இருந்தது தங்கை ஒருத்திதான். பசுண்டாங் கால்வாய்ப் பக்கம் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டில்தான் எனக்கு இராச் சாப்பாடு. அவள் போய்விடுவாளோ என்பதுதான் என் பயம். அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்ததால், கோபமாக மாற்றிக்கொண்டு யார் மேலாவது எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு வாய் திறக்கும். நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது என்று தங்கை சொல்வாள்.

ஏரிக்குச் சொந்தக்காரி ஒரு பர்மியப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். தானே களத்தில் நின்று நெல் அளக்கிறவர், வாயில் சுருட்டு அணையாது. அவரை மாப்பிள்ளை 'டோடோ' என்று கூப்பிடுவார். பர்மியில் அத்தை, சித்தி என்கிற மாதிரி மரியாதைச் சொல். குத்தகை பேசிய அன்று அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஏரியின் எதிர்க்கரையில் புத்த மடம் இருக்கிறது. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அஷ்டமிகள் ஆகிய விரத நாட்களில் ஊர்ப் பெரியவர்கள் அங்கே வந்து சீலம் என்கிற விரத நெறிகளை ஏற்று மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாட்களில் ஏரியில் வெடிச்சத்தம் கேட்கக் கூடாது.

"சுடுற பாவம் உங்களோடது. நிலம் என்னோடது. விரத நாள்ல சத்தம் கேட்டுச்சுன்னா அந்தப் பாவமும் எனக்கு வந்துடும்" என்றார். நியாயமான பேச்சு. மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு வந்தார், வாக்கு மாறவும் இல்லை.

ஆனால் சத்தம் கேட்டது. அஷ்டமியும் ஞாயிறும் சேர்ந்து வந்த ஒரு நாள், நாங்கள் இருவரும் ரங்கூனில் கோழிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் ஏரியில் யாரோ படபடவென்று சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். மடத்திலிருந்து டோடோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் இல்லை என்று மாப்பிள்ளை சொன்னதை அவர் நம்பினாரா இல்லையா தெரியவில்லை.

"யார் சுட்டா எனக்கென்ன? குத்தகை உங்க பேர்ல இருக்கு. இன்னொரு தடவை கேட்டா, வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

இரண்டு ஞாயிறு கழித்து அந்த 'யார்' என்பவர்களை நேரிலேயே பிடித்தோம். இரண்டு பேர். ஒருவர் ரயில் டிரைவர். அப்பா வெள்ளைக்காரர், அம்மா பர்மாக்காரி. தொப்பி, பூட்ஸ், இரட்டைக்குழல் துப்பாக்கி எல்லாம் அப்பா பக்கம். முகமும் பேச்சும் அம்மா பக்கம். மற்றவர் அவருடைய வண்டியிலேயே வேலை செய்யும் ஃபயர்மேன். இடுப்பில் எங்கள் கிளுவைகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கோரைக்குள்ளிருந்து ஒய்யாரமாக வெளியே வந்தார்கள். என் காது சிவந்தது.

"இது குத்தகை இடம்! யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று எனக்குத் தெரிந்த பர்மியில் கத்தினேன்.

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வேலி எங்க? கதவு எங்க? வாத்துங்க மாவ்பில டிக்கெட் வாங்கிட்டா வந்து இறங்குது?" என்று சிரித்துவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடப் பார்த்தேன். மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"விடுங்க மச்சான். அவங்க கையில துப்பாக்கி. நம்ம கையில கூடை" என்றார்.

போலீஸில் சொன்னோம். ஏரிக்கெல்லாம் ஆள் போட முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். நுழையக் கூடாது என்று பர்மியிலும் ஆங்கிலத்திலும் பலகை எழுதி நட்டோம். அடுத்த வாரம் பலகை நிறையக் குண்டு துளைத்த ஓட்டை. குறி தவறாத ஆட்கள் என்பது மட்டும் அதில் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம் ஊர்ப் பக்கமெல்லாம் எல்லையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டால் போதும். எந்த முரடனும் அந்தக் கல்லைத் தாண்டிக் கைவைக்க யோசிப்பான். பலகைக்குப் பயப்படாதவன் சாமிக்குப் பயப்படுவான் என்று நினைத்தேன். ஏரிக்குள் நுழையும் வரப்பில் ஒரு பெரிய வாகை மரம் இருந்தது. அதன் அடியில் முழங்கால் உயரக் கல் ஒன்றை நட்டேன். மாப்பிள்ளையின் பட்டறைச் சிநேகிதர் ஒருவர் அடித்துக் கொடுத்த சூலத்தைப் பக்கத்தில் ஊன்றினேன். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், செவ்வரளி மாலை, ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோது, எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"இனிமே ஒரு பய உள்ள வரமாட்டான் பாருங்க" என்றேன். மாப்பிள்ளை கல்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த ஞாயிறு ரயிலை விட்டு இறங்கும்போதே ஏரிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. முன்பு இரண்டு துப்பாக்கி என்றால் இப்போது நான்கைந்து இருக்கும் போலிருந்தது. மூச்சிரைக்க ஓடினோம். வாகை மரத்தடியில் என் கல்லுக்கு முன்னால் தேங்காய், வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, நாவல் தழைக் கொத்து எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தேங்காய்கள் உடைக்காத முழுத் தேங்காய்கள். நம் ஆட்கள் வைத்திருந்தால் உடைத்திருப்பார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சத்தம் கேட்டு டோடோவும் வந்துவிட்டார். அஷ்டமி முந்தின நாளே கழிந்து, அன்று விரத நாள் இல்லை என்பதால் பிழைத்தோம். கல்லையும் சூலத்தையும் தேங்காய்களையும் பார்த்தவர், இது யார் வேலை என்று கேட்டார். நான் பெருமையோடு விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்து, சுருட்டு வாயிலிருந்து கீழே விழ, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பர்மியர்களுக்குக் காட்டுக்கும் நீருக்கும் மரத்துக்கும் காவல் தேவதைகள் உண்டு. நாட் என்பார்கள். வேட்டைக்குப் போகிறவன் அந்த இடத்து நாட் யார், எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திண்டாடுவான். தெரிந்துவிட்டால் தேங்காயும் பழமும் வைத்து அனுமதி கேட்பான். கேட்டுவிட்டால் அனுமதி கிடைத்த மாதிரிதான், தைரியமாகச் சுடலாம். இந்த ஏரியின் நாட் தேவதைக்கு இத்தனை நாள் இடமே இல்லாமல் இருந்தது. நான் போய்ச் சிவப்பும் மஞ்சளுமாக ஓர் இடம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"நீ காவல் போடல தம்பி, வாசல் திறந்து விட்டிருக்கே" என்றார் டோடோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு எழுந்து லுங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. "வர்ற ஞாயிறு பௌர்ணமி. மறந்துடாதீங்க."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கல்லைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றேன். நட்ட சாமியைப் பிடுங்கக் கூடாது என்று தங்கை தடுத்தாள். நாலு ஆட்களைக் கூட்டிப் போய் அடித்து விரட்டலாம் என்றேன். அதை மாப்பிள்ளை தடுத்தார்.

"அண்ணே, அவங்க எப்படியும் அந்தக் கல்லுகிட்ட வந்து நிக்கத்தானே போறாங்க? நாம முன்னாடியே போய் அங்க உக்காந்துக்குவோம். நானும் வர்றேன்" என்றாள் தங்கை.

பௌர்ணமி அன்று முதல் ரயிலில் மூவரும் போனோம். தங்கை வாகை மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். எதிர்க்கரையில் மடத்துக்கு வெள்ளை உடுத்தி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஏரி முழுவதும் பறவைகள். பொங்கல் இறங்கும் நேரத்துக்கு டிரைவரும் ஃபயர்மேனும் வரப்பில் வந்தார்கள். டிரைவர் கையில் தேங்காய் இருந்தது. எங்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு பூட்ஸைக் கழற்றி, தொப்பியை எடுத்து, தேங்காயைக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடினார். அவ்வளவு பவ்யம் அந்த மனிதரிடம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

கண்ணைத் திறந்தபோது தங்கை இலையில் பொங்கலை வைத்து அவர் முன் நீட்டினாள். அதிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர், வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு விரத நாள்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். அவளுடைய பர்மி சந்தைப் பர்மி, ஒட்டும் உறவும் இல்லாமல் சொல் சொல்லாக விழும்.

அவர் முகம் மாறியது. "அம்மா இருந்த வரைக்கும் சொல்லும். இப்ப எனக்கு யார் சொல்றா? எனக்குத் தெரிஞ்சது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். ரயில்வேக்காரங்க பௌர்ணமி என்னிக்குன்னு போட மாட்டாங்களே" என்றார்.

தங்கை மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்துத் தூக்கி அவருக்குக் காட்டினாள். "ரயிலுக்கு வேலை செஞ்சு போன கை இது. இப்ப இந்த ஏரிதான் எங்களுக்குச் சோறு. இன்னிக்கு இங்க ஒரு வெடி வெடிச்சா இது போயிடும். நான் கப்பல் ஏறணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குப் போக இஷ்டம் இல்ல."

போக இஷ்டம் இல்லை என்று அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. கணவரிடமும் சொன்னதில்லை என்பது அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் தெரிந்தது. சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

டிரைவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த பொங்கலைத் தின்று முடித்தார். பிறகு துப்பாக்கியை மடக்கி இரண்டு தோட்டாவையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு ஃபயர்மேனிடம் சொன்னார்: "இன்னிக்கு நாட் வேண்டாங்குறார். துப்பாக்கியைக் கட்டி வை."

போவதற்கு முன் மாப்பிள்ளையிடம், விரத நாள் இல்லாத ஞாயிறுகளில் வரலாமா என்று கேட்டார். முதல் தடவையாகக் கேட்டார்.

"சொல்லிட்டு வாங்க. வடக்கு ஓரம் உங்களுக்கு. அங்க உள்ளான் நல்லா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. என் காது சிவந்ததுதான், ஆனால் வாயை மூடிக்கொண்டேன். கூடைகளைத் தன் வண்டியிலேயே ரங்கூனுக்கு ஏற்றிவிடுவதாக டிரைவர் சொன்னார். சொன்னபடி செய்யவும் செய்தார்.

அன்று சாயங்காலம் வரை மூன்று பேரும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தோம். வேறு வேட்டைக்காரர்கள் இரண்டு கூட்டம் வந்தார்கள். அவர்களுக்கும் பொங்கல் கொடுத்து, நாட் இன்று வேண்டாம் என்கிறார் என்று சொல்லி அனுப்பினோம். வாத்துகள் சத்தம் போட்டன, மடத்து மணி தெளிவாகக் கேட்டது. ஒரு வெடியும் வெடிக்கவில்லை.

பொழுது சாயும்போது மடத்திலிருந்து டோடோ வரப்பு வழியாக வந்தார். விரதம் என்பதால் வாயில் சுருட்டு இல்லை. மரத்தடியில் நின்று, பானையில் ஒட்டியிருந்த பொங்கலைப் பார்த்தார். அடுத்த வருஷத்துக்கும் ஏரி எங்களுக்குத்தான் என்றார்; அதற்கடுத்த வருஷத்தை அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார். மாப்பிள்ளை கைகூப்பினார்.

நான் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானேன். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தங்கை மட்டும் நகரவில்லை. தன்னுடைய உடைந்த பர்மியில், பசுண்டாங்கை விட்டு ஏரிப் பக்கமே குடிவர, இந்த ஊரில் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்குமா என்று டோடோவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.