கழுதை தின்ற சிவப்புச் செருப்பு

ஒரு கால் "சப்" என்றது, மற்றக் கால் "சளப்" என்றது. வலக்காலில் என்னுடைய சிவப்புச் செருப்பு. இடக்காலில் ஜெனிற்றாவின் நீலச் செருப்பு, என் பாதத்துக்கு நன்றாகவே பெரியது. கடைக்குப் போனாலும் தண்ணீர் அள்ளப் போனாலும் அந்த இரண்டு சத்தமும் மாறி மாறி என்னோடு வந்தன. மன்னார்த் தெருவில் படுத்திருக்கும் கழுதைகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. "சோடி பார்த்துப் போடத் தெரியாத பிள்ளையை வளர்த்து வச்சிருக்கிறன் எண்டு சனம் சொல்லப்போகுது," என்று அம்மா ஏசாத நாளில்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த இரண்டாவது வாடைக்காலம் அது. முகாமில் பிறந்த எனக்கு ஓட்டம் என்றால் குடிசை வரிசையைச் சுற்றி வருவதுதான். கொஞ்சம் வேகம் எடுப்பதற்குள் மதில் வந்துவிடும். இங்கே மன்னார்ப் பட்டினத்திலிருந்து தாழ்வுபாட்டுக்குப் போகும் வீதியோ கடற்கரை வரைக்கும் யாரும் தடுக்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஆகவே, பள்ளிக்கூடப் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டியில் "மரதன்" ஓட ஆர் வாறீங்கள் என்று வகுப்பில் கேட்டபோது என் கை தானாகவே மேலே போய்விட்டது. "இந்தியா ஓடப்போகுதாம்," என்று பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என் பெயர் "இந்தியா". தாழ்வுபாடு வரை போய்த் திரும்பி வர வேண்டும். களைத்து நிற்பவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வான் பின்னாலேயே வரும். அந்த வானில் மட்டும் ஏறுவதில்லை, முழு வீதியையும் என் காலாலேயே போய் வருவது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிக்கொண்டது.

எங்கள் இல்லத்தில் கை தூக்கிய இன்னொருத்திதான் ஜெனிற்றா. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். விடியப்புறம் எழும்பி ஓடுவதென்று முடிவெடுப்பது சுகம், எழும்புவதுதான் கரைச்சல் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. செருப்பு மாற்றும் யோசனை அவளுடையதுதான். ஆளுக்கொரு ஒற்றைச் செருப்பை மாற்றிக்கொள்வது. போட்டி முடியும்வரை அதைத்தான் போட்டுத் திரிவது. ஓட்டத்தை விடப்போகிறவள் மற்றவளின் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கையில் கொடுத்து, தன்னுடையதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது வாசலில் அந்த நீலச் செருப்பு கிடப்பது நினைவுக்கு வரும். எழும்பிவிடுவேன்.

வெறுங்காலோடு தாழ்வுபாட்டுக்கு ஓடுவோம். அங்கே ஜெனிற்றாவின் சித்தப்பா மீன்பெட்டிகளை லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்படும் நேரமாக இருக்கும். "ஏறுங்கோ பிள்ளையள், மீனோட மீனா இருங்கோ," என்பார். பள்ளிக்கூட மணிக்கு முன்னால் வீடு சேர அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. நாளுக்கு நாள் வேகம் கூடுவதாக இரண்டு பேருக்கும் பெருமையென்றால் பெருமை. வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததை நாங்கள் எங்கள் கால்களின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் கடல் மோசம், யாரும் தொழிலுக்குப் போகவில்லை, லாண்ட்மாஸ்டரும் புறப்படவில்லை. திரும்பி ஓடத் தொடங்கினோம். காற்று நெஞ்சில் அடித்தது. மணல் பல்லுக்குள் நறநறத்தது. எத்தனை அடி எடுத்து வைத்தாலும் பனைமரங்கள் கிட்ட வருவதாயில்லை. ஜெனிற்றா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நான் பாதி வழியில் குந்திவிட்டேன். பிறகு நடந்தேன், அழுதேன், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வாசலில் நின்றேன். போட்டியிலும் இதே காற்றுத்தான், வரும்போது எதிர்க்காற்றுத்தான் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அன்று பின்னேரமே நீலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"என்னால ஏலாது. என்ர செருப்பைத் தா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதைக் கழுதை திண்டிட்டுது. இப்ப நான் எதைத் தாறது?"

"விசர்க் கதை கதையாதை."

"மெய்யாத்தான். முத்தத்தில கிடந்தது, ஒரு கழுதை வந்து சப்பிச்சுது. மாத்திறதுக்குச் செருப்பில்லை, அப்ப நீ விடவும் ஏலாது. விடிய வா."

எங்கள் ஊர்க் கழுதைகள் அட்டைப் பெட்டியையும் சுவரொட்டியையும் தின்பதை நான் கண்டிருந்தேன், நம்பிவிட்டேன். அவளும் அதற்குப் பிறகு வலக்காலில் தன் நீலச் செருப்பும் இடக்காலில் அண்ணனின் பழைய செருப்புமாக இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

மறுநாளிலிருந்து சித்தப்பாவின் லாண்ட்மாஸ்டரில் மீன்கள் மட்டும் போயின. "என்ன, என்னோட கோவமோ?" என்று கத்திக்கொண்டு அவர் எங்களைக் கடந்து போவார். திரும்பும் வழியில் ஒருத்தி முன்னால் காற்றை வாங்க மற்றவள் அவள் முதுகுக்குப் பின்னால் ஓடுவாள். மூச்சு முட்டினால் இடம் மாறுவோம். ஊரைப் பார்க்கக் கூடாது, அடுத்த மின்கம்பத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காற்று ஒருநாளும் குறையவில்லை. எனக்கு அதன்மேலிருந்த பயம் மட்டும் குறைந்தது.

போட்டியன்று திரும்பும் வழியில் ஜெனிற்றா முன்னால் போய்விட, நான் தனித்துப்போனேன். வான் பக்கத்தில் வந்து மெதுவாக உருண்டது. கதவு திறந்தது. "ஏறும் பிள்ளை," என்றார் உள்ளே இருந்த ஆசிரியர். "இல்லை சேர், நான் ஓடித்தான் வருவன்," என்று சொல்லிவிட்டு மின்கம்பத்தைப் பார்த்தேன். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் வந்துவிட்டிருந்தார்கள். முடிவுக் கோட்டில் ஜெனிற்றா நின்று எதையோ தலைக்குமேல் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கொடி என்று நினைத்தேன். கிட்டப் போனதும் தெரிந்தது, என் சிவப்புச் செருப்பு. ஒரு பல்லடையாளமும் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இப்போது அந்த வீதிக்குத் தார் போட்டாயிற்று, சித்தப்பாவின் லாண்ட்மாஸ்டர் இல்லை, தென்கரை நெடுக உயர்ந்த காற்றாலைகள் அந்தக் காற்றில் சுற்றுகின்றன. ஜெனிற்றா கனடாவில். உண்மையான மரதன் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவதற்கு முன்னால் நான் மறுபடி ஓடிப் பழகுகிறேன். சில விடியலில் எழும்ப மனம் வருவதில்லை. வாசலில் வேறொருத்தியின் செருப்பு இல்லை என்பது அப்போது நெஞ்சில் உறுத்துகிறது.

போன கிழமை அப்படியொரு விடியலில், என் ஓட்டச் சப்பாத்தில் ஒன்றைப் படமெடுத்து, "விடப்போறன், ஏலாமக் கிடக்கு," என்று அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"மற்றதைக் கழுதை திண்டிட்டுது. ஓடு."