மாத்திரை அக்காவின் இரண்டு கைகள்

"இந்த மரத்துல எவனாவது கைய வெக்கட்டும், அவனுக்கு நானே பேதி மாத்திரை கலந்து குடுத்துடறேன்" என்றாள் மாத்திரை அக்கா.

கீழ்வீட்டுக்காரி சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு.

"சிரிக்காதடி. நெசமாத்தான் சொல்றேன்."

"நம்ம கட்டடச் செயலாளர் வந்து சொல்லிட்டுப் போனார்க்கா. பின்பக்கம் மொத்தமும் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்தற இடமாக்கப் போறாங்களாம். பூவெல்லாம் கொட்டி முடிஞ்சப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டமாம். வேண்டாங்கறவங்க கை தூக்கணுமாம்."

"தூக்கிட்டாப் போச்சு. ஒரு கை என்ன, நான் ரெண்டு கையையும் தூக்கறேன்."

"நம்ம ரெண்டு பேர் மட்டும் தூக்கி என்ன ஆகும்?"

"அப்ப நீ நாலு வீடு ஏறி எறங்கிப் பேசு. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்கற, உன் வாய்லேருந்து ஒரு வார்த்தைய எடுக்கணும்னா கொறடு வெச்சுத்தான் புடுங்கணும்."

"எனக்குப் பேச வராதுக்கா."

"பேச வராட்டி என்ன, பின்ன வருதில்ல? வீட்டுக்கு ஒரு பூ பின்னு. இந்த மரத்துப் பூ மாதிரியே. கதவுல மாட்டிக்கச் சொல்லிக் குடு. மாட்டினவங்க எல்லாம் நம்ம பக்கம்னு வெச்சுக்கோ."

கீழ்வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது என்ன தெரிந்ததோ, அக்கா பின்னல் ஊசியால் அவள் முழங்காலில் செல்லமாக ஒரு குத்துக் குத்திவிட்டு, "பின்னுடி, வெளிச்சம் போயிடப் போகுது" என்றாள்.

இந்தப் பேச்சைக் கீழ்வீட்டுக்காரி எத்தனையோ முறை மனத்துக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறாள், பின்னலில் தப்பு நடந்த வரிசையைத் தேடுகிற மாதிரி. தப்பு எங்கே என்று பிடிபடவே இல்லை. பேதி மாத்திரை சொன்னபோதும் சரி, இரண்டு கை சொன்னபோதும் சரி, அக்காவின் விரல்கள் ஒரு கண்ணியைக்கூடத் தவறவிடவில்லை.

மாத்திரை அக்கா குடியிருந்தது மூன்றாம் மாடி. கடைத்தெரு முனையில் இருந்த மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தலைவலி என்று யார் மாடிப்படியில் உட்கார்ந்தாலும் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து, ஒன்றைக் கிள்ளிக் கொடுத்து, "சாப்பிட்டுட்டுப் போடு, வெறும் வயித்துல போட்டுட்டு என்னைத் திட்டாத" என்பாள். அவள் சொந்தப் பெயர் கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. அவள் படியேறி வருவது மேல்மாடிக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கீழ்வீட்டுக்காரி அப்படியே நேர்மாறு. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவள் மெருகு போடுகிறவள். முகமூடி கட்டிக்கொண்டு, சுழலும் சக்கரத்தின் முன்னால், முன்பின் தெரியாதவர்களின் சிரிப்பைப் பளபளப்பாக்கிக்கொண்டிருப்பாள். அங்கே பேச்சுக்கு இடமில்லை. வீட்டுக்கு வந்தாலும் பேச ஆளில்லை. ஒரே ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, பின்பக்கம் திறக்கும் ஒரு கதவு. அந்தக் கதவுக்காகத்தான் அவள் அந்த வீட்டுக்குக் குடிவந்தாள். கதவுக்கு வெளியே ஒரு கல் பெஞ்சு, கொஞ்சம் புல், ஒரு மரம்.

மரத்துக்கு என்ன பெயர் என்று இருவருக்கும் தெரியாது. அக்கா அதைப் பஞ்சுமிட்டாய் மரம் என்பாள். குளிர் விலகியதும் ஒரு இலைகூட இல்லாத மொட்டைக் கிளையில் முதலில் சின்னச் சின்ன முடிச்சுகள் தோன்றும். ஒரு வாரம் ஏமாற்றும். பிறகு ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் மொத்த மரமும் வெளிறிய இளஞ்சிவப்பில் நிற்கும். தேனீக்களின் இரைச்சல் சமையல் மூலை வரை கேட்கும். பூ கொட்டிய பின்னால் வருகிற தளிர்கள் முதலில் செம்புக் கம்பி நிறத்தில் இருக்கும், போகப்போகப் பச்சையாகும். சிட்டுக்குருவிகள் பெஞ்சுக்கு அடியில் விழும் நூல் துண்டுகளைக் கொத்திக்கொண்டு போகும். "நம்ம நூல்ல வீடு கட்டுதுங்க பாரு. வாடகை வாங்காம விடக்கூடாது" என்பாள் அக்கா.

இருவரையும் சேர்த்து வைத்தது குரோஷா ஊசி, நூல் பின்னுகிற கொக்கி ஊசி. கீழ்வீட்டு ஜன்னல் திரையைக் கட்டியிருந்த பின்னல் பட்டையைப் பார்த்துவிட்டு, ஒருநாள் அக்கா நேராக வந்து கதவைத் தட்டினாள். "இத யாருடி போட்டது? நீயா? கை இவ்வளவு இறுக்கமா வருது! என் பின்னல பாரு, வலை மாதிரி இருக்கும், மீன் புடிக்கலாம்." அன்றிலிருந்து வேலை முடிந்த மாலைகளில் கல் பெஞ்சுதான் அவர்கள் கூடம்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நூல் உருண்டைக்கு இரண்டு முனை. ஒன்று வெளியே தெரியும், மற்றொன்று உருண்டையின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். விரலை விட்டு உள்முனையை இழுத்துக் கீழ்வீட்டுக்காரி எடுத்துக்கொள்வாள், வெளிமுனை அக்காவுக்கு. ஒரே உருண்டையிலிருந்து இரண்டு பேரும் பின்னுவார்கள். டம்ளர் வைக்கும் வட்டம், சூடான பாத்திரம் பிடிக்கும் சதுரம், நாற்காலிக் காலுக்குக் காலுறை, தலையணை ஓரம். யாராவது ஒருத்தி வேகமாக இழுத்தால் உருண்டை துள்ளிக் குதித்து மற்றவள் மடிக்குப் போகும். பாதியில் நூலை வெட்டக் கூடாது என்பது சட்டம். உருண்டை தீர்ந்து, நடுவில் ஒரு சாண் நூல் மட்டும் மிஞ்சும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

அக்காவின் வீட்டில் குளிர்பெட்டியின் கைப்பிடிக்குக்கூட உறை உண்டு. "நான் அரை மணி நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் ஒண்ணு போட்டுடுவா, அதனாலதான் இருமிக்கிட்டே இருக்கேன்" என்பார் மாமா, அக்காவின் கணவர். கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவர். முந்தின ஆண்டு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து, மூன்று மாடிப்படி அவருக்கு மூன்று மலையாகியிருந்தது. மருத்துவமனைக்குப் போகிற நாட்களில் அக்கா ஒரு தோளும் கீழ்வீட்டுக்காரி ஒரு தோளும் கொடுத்து இறக்குவார்கள். வண்டிகள் நிற்கும் தெருமுனை வரை மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போக முடியும். அவருடைய தம்பி தன் பழைய காரைக் கொடுக்கப்போவதாக ஒரு பேச்சு இருந்தது. அதைக் கீழ்வீட்டுக்காரியும் அறிவாள். காரையும் சிமெண்டையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் வரை அவள் பூப் பின்னினாள். ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் முடிச்சு, தொங்கவிட ஒரு சங்கிலிப் பின்னல். கடை கடையாக ஏறி மரத்துப் பூவின் நிறத்துக்கு நூல் தேடினாள். பின்னியதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவின் முன்னாலும் போய் நின்றாள். "மரத்தை... மரம் இருக்கட்டும்னு..." என்பதற்கு மேல் வார்த்தை வராது. பூவை நீட்டிவிடுவாள். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் கதவில் மாட்டினார்கள். தன் ஸ்கூட்டரில் பூ கொட்டுகிறது என்று தினமும் புலம்பும் இரண்டாம் மாடி வாத்தியார்கூட, "ரெண்டு குடும்மா, உள்கதவுக்கும் ஒண்ணு" என்று கேட்டு வாங்கினார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் படியேறிப் போய் அந்தப் பூக்களைப் பார்த்துவிட்டு வருவாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அந்த நாட்களில் அக்கா தனியாக ஒரு உருண்டை கொண்டுவர ஆரம்பித்தாள். "உன் நூலும் என் நூலும் சிக்கிக்குதுடி, பூ வேலை கெட்டுடும்" என்றாள். சரிதானே என்று தோன்றியது.

கூட்டம் மாடிப்படிக்குக் கீழே இருந்த கூடத்தில் நடந்தது. ஆளுக்கொரு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா முன்வரிசையில், மடியில் பின்னலோடு. செயலாளர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், எல்லாவற்றையும் நின்றுகொண்டேதான் பேசுவார். வண்டிகள் பெருகிவிட்டன, தெருவில் நிறுத்தினால் கண்ணாடி உடைகிறது என்று சொல்லி முடித்து, "வேண்டாங்கறவங்க கை தூக்குங்க" என்றார்.

கீழ்வீட்டுக்காரி கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில்கூடத் தூக்காத கை. தூக்கிய பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் மாடித் தம்பதி தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவள் அக்காவின் முதுகைப் பார்த்தாள். அக்காவின் வலது கையில் ஊசி, இடது கையில் நூல். உதடுகள் அசைந்தன. கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர்" என்றார் செயலாளர். "வேறே யாராவது?"

கீழ்வீட்டுக்காரி கையை இறக்கவில்லை. அக்கா இப்போது திரும்புவாள், இதோ திரும்புவாள் என்று காத்திருந்தாள். "போதும்மா, எறக்கிடு" என்று செயலாளர்தான் மெதுவாகச் சொன்னார்.

நாற்காலிகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் கலைந்த பின் அவர் அவள் அருகில் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம்.

"மனசுல வெச்சுக்காதம்மா. அக்காவே வந்து கேட்டப்புறம் நான் எப்படி மாட்டேங்கறது? அவரு இடுப்பு அப்படி இருக்கு. கார் வாசல்லயே நிக்கணும். நீ வருத்தப்படுவியேன்னுதான் எனக்கு யோசனை. 'அவள நான் பாத்துக்கறேன், அவ பாட்டுக்குப் பூப் பின்னிக்கிட்டு இருக்கட்டும்'னு அவங்கதான் சொன்னாங்க."

"எப்ப கேட்டாங்க?"

"மரம் மொட்டு வெக்கறதுக்கு முன்னாடியேம்மா."

அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவில் அவள் பின்னிய பூ ஆடியது.

அடுத்த நாள் அக்காவைப் படியில் பார்த்தாள். அக்காதான் நிறுத்தினாள்.

"ஏண்டி, பார்த்தும் பார்க்காத மாதிரி போற?"

கீழ்வீட்டுக்காரி ஒரு படி இறங்கி நின்றாள்.

"என் நெலம உனக்குத் தெரியாதா? அவர நீயும்தானே தூக்கி எறக்கின?"

"தெரியும்க்கா."

"அப்புறம் என்ன?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் மனசு மாறிடுவேன். மாறிட்டா அவர யாரு பாக்கறது?"

"அதுக்காகப் பூப் பின்ன விட்டீங்களா? ஒவ்வொரு கதவா நிக்க விட்டீங்களா?"

அக்கா கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "பூ நல்லாத்தானேடி இருந்துச்சு" என்றாள். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். அதுதான் கீழ்வீட்டுக்காரிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கேட்டிருந்தால் மரத்தை விட்டுக் கொடுத்திருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை அழுதுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருவேளை சண்டை போட்டிருப்பாள். எதுவாக இருந்தாலும் அது அவளுடையதாக இருந்திருக்கும். அவளைக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவளும் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் மரத்தை வெட்டினார்கள். மாலையில் கதவைத் திறந்ததும் முதலில் என்ன மாறியிருக்கிறது என்றே புரியவில்லை. அறை முழுக்கக் கூசும் வெளிச்சம். அலமாரித் தட்டுகளில் அதுவரை கண்ணில் படாத தூசி. வெளியே செம்புத் தளிரோடு கிளைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கல் பெஞ்சைச் சுவரோரம் நகர்த்தியிருந்தார்கள். அன்று அவள் அக்காவோடு ஒரே உருண்டையில் பின்னியவற்றையெல்லாம் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து இழுத்தாள். மாதக்கணக்கில் பின்னியது கொஞ்ச நேரத்தில் நூலாகிப் போனது. நூல் நேராக நிற்கவில்லை. பின்னிய வளைவுகள் அப்படியே சுருள் சுருளாக இருந்தன.

சிமெண்டு காய்ந்தது. கார் வந்தது. மாமா அதன் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, கீழ்வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவளும் கையசைப்பாள். அவர் வலியில்லாமல் போய்வருவது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக்கூட அக்கா தன்னிடமிருந்து திருடி வைத்துக்கொண்டதாகத் தோன்றும். அக்கா வழக்கம்போலப் படியேறினாள், வழக்கம்போலச் சிரித்தாள், தலைவலிக்காரர்களுக்கு மாத்திரை கிள்ளிக் கொடுத்தாள். கட்டடத்தில் அவளைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது.

மறு வசந்தம் வந்தது. தெருவில் எங்கோ எவருடைய வீட்டு மரமோ பூத்து, இதழ்கள் காற்றில் வந்து காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. ஒரு மாலையில் பின்கதவைத் தட்டும் சத்தம். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, தட்டுவதிலேயே தெரிந்தது. அக்கா உள்ளே வரவில்லை. சிமெண்டில் நின்றபடியே கையில் இருந்த பையை நீட்டினாள்.

"சீட்டு ஒரே பள்ளமா இருக்குடி, அவருக்கு இடுப்பு தாங்கல. ஒரு திண்டு வாங்கிட்டேன், உறைதான் வேணும். நான் போட்டா தொளதொளன்னு போயிடும், ஒரே வாரத்துல நழுவிடும். உன் கைதான் இறுக்கம். நூல் கொண்டாந்திருக்கேன். கார்ல வெக்கறதுக்கு ஒண்ணு பின்னிக் குடுடி, கண்ணு."