கீழ்த்தளத்து மூன்றாவது தூண்

என் வீட்டுக்காரருக்கு வேலை, வீடுகளுக்கு விலை மதிப்பது. கடன் கொடுக்கும் முன் வங்கி இவரை அனுப்பும். இவர் போய்ப் பார்த்து, இன்ன விலை பெறும் என்று எழுதிக் கொடுப்பார். பார்ப்பது என்றால் நாம் பார்ப்பதுபோல் இல்லை. சுவரைத் தட்டுவார், பூச்சைச் சாவியால் கீறுவார், குளியலறை மூலையை முகர்ந்துகூடப் பார்ப்பார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. புதிதாக வீடு வாங்கியவர்கள் எங்களைக் கூப்பிடவே யோசிப்பார்கள். என் தம்பி அவருக்கு டொக்டொக் மாமா என்றே பேர் வைத்திருந்தான்.

தம்பி என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அம்மா போகும்போது அவன் பால்பல் விழாத பிள்ளை. வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போய், சொந்தமாக நாலு சுவர் வேண்டும் என்று கிடையாய்க் கிடந்தான். ஒரு நாள் முகமெல்லாம் பல்லாக வந்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அடுக்குமாடியில் ஒரு வீடு படிந்துவிட்டதாம். எந்தக் கட்டிடம் என்று அவன் சொன்னதும் இவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அது வேணாம்டா."

"ஏன் மாமா?"

"வேணாம்னா வேணாம். காரணம் மட்டும் கேக்காத."

தம்பி சிரித்தான். "பேங்க்கே கடன் தரேங்குது. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்."

அவன் போனதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். குடைந்து குடைந்து கேட்டேன். வாயே திறக்கவில்லை. அவருக்கு அது பழக்கம். யார் வீட்டைப் பார்த்தாலும் அங்கே கண்டதை அனுப்பியவரைத் தவிர இன்னொருவர் காதில் போடமாட்டார். "பாத்ததை ஊரெல்லாம் சொன்னா நாளைக்கு எவன் என்னை நம்பிக் கதவைத் திறப்பான்?" என்பார். அத்தனை வருஷமும் அதை நான் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். அன்றைக்கு மட்டும், தம்பி தலையெடுத்தால் இவருக்கு வயிறு எரிகிறதோ என்று தோன்றியது. பேசாமல் இருந்துவிட்டேன். தம்பி வீட்டை வாங்கிக் குடியும் போனான்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. ஒரு காலையில் கட்டிடத்தின் ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தம்பி வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிக்கொண்டிருந்தான். உயிர் தங்கியது. வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனை வராந்தாவில் வைத்துத்தான் இவர் எனக்கு எல்லாம் சொன்னார். அந்தக் கட்டிடத்தை மதிப்பிட வங்கி முதலில் இவரைத்தான் அனுப்பியிருந்ததாம். கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் மூன்றாவது தூணில் பூச்சு மட்டும் புதுசாக இருந்ததாம். சாவியால் கீறினாராம். உள்ளே கம்பி துருவேறிப் பொடிப்பொடியாக உதிர்ந்ததாம். இந்தக் கட்டிடத்துக்கு விலையே இல்லை, மண்ணுக்குத்தான் விலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வங்கி மேலாளர் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லியும் மசியவில்லை. அந்த ஆள் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, வேறொருவரை விட்டு நல்லபடியாக எழுதி வாங்கிக்கொண்டான். தம்பி வந்துபோன மறுநாள் இவர் அந்த மேலாளரிடம் போய் நின்றிருக்கிறார்.

"என் மச்சான் வாங்கறான் சார். அவன்கிட்ட மட்டும் சொல்லிக்கிறேனே."

"எதை சார் சொல்லுவீங்க? அப்படி ஒரு ரிப்போர்ட்டே எங்ககிட்ட இல்லையே."

அதோடு திரும்பி வந்துவிட்டாராம், இந்த மனுஷன். அனுமதி கிடைக்கவில்லையாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூண் என்று ஒரு வார்த்தை போதுமே, பாவி மனுஷா. அவர் கண் கலங்கித்தான் நின்றார். அதைப் பார்த்தும் எனக்கு மனசு இறங்கவில்லை.

உள்ளே போனோம். தம்பி தலையைத் திருப்பி இவரைப் பார்த்தான்.

"மாமா, அன்னைக்கு வேணாம்னீங்களே. இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் இவர் முகத்தையே பார்த்தேன். தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பொய்தான், இருக்கட்டும். ஒரு காலை இழந்து கிடப்பவனுக்கு ஒரு பொய்கூடவா சொல்லக்கூடாது?

"தெரியும்டா" என்றார்.

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, அவரை வெளிய போகச் சொல்லு."

"போங்க" என்றேன். போனார். இன்றுவரை நான் அவரை வாங்க என்று கூப்பிடவில்லை.